பூர்வீக நிலத்தை வெளியே போகவிடாமல் உடன்பிறந்தவர்களிடம் வாங்குவது எப்படி? ஒரு முழு வழிகாட்டி

அப்பா இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. சென்னையில் இருக்கும் அண்ணனுக்கு ஒரு தரகர் போன் போட்டிருக்கிறார். "ரோட்டோரம் இருக்கே, ஏக்கர் இருபத்தஞ்சுக்குப் பார்ட்டி ரெடி." அண்ணன் அதை என்னிடம் மறைக்கவில்லை. "நீ வச்சுக்கிறதுன்னா சொல்லு, இல்லேன்னா குடுத்துரலாம்" என்றார். திண்டுக்கல் மாவட்டம் நத்தம் ஊர்ப் பக்கம் ஐந்து ஏக்கர் புஞ்சை. பாதி மா, பாதி வெள்ளாமை, நடுவில் தாத்தா வெட்டிய கிணறு. பங்குதாரர்கள் அம்மா, அண்ணன், இரண்டு அக்காக்கள், நான்.

வாங்குவது என்று முடிவு செய்த நாளில் இருந்து கடைசிப் பத்திரம் பதிவாகும் வரை மூன்று வருஷம் ஓடியது. அதில் கற்றதைத்தான் எழுதுகிறேன். இது தமிழ்நாட்டு நடைமுறை. கட்டண விகிதங்கள் 2023 ஜூலை மாற்றத்துக்குப் பிறகானவை. அரசு மறுபடி மாற்றலாம், அதனால் பதிவுக்கு முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிக்கலான குடும்பமாக இருந்தால் சிவில் வக்கீல் ஒருவரைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தச் செலவு பிற்பாடு வரும் செலவின் முன்னால் ஒன்றுமே இல்லை.

1. வாங்கத்தான் வேண்டுமா?

பாசத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கணக்குப் போடுங்கள். ஏக்கர் 18 லட்சம் என்று மூன்று ஏக்கர் பங்கை வாங்கினால் 54 லட்சம். பத்து சதவீத வட்டிக்குக் கடன் வாங்கினால் வருஷத்துக்கு வட்டி மட்டும் 5,40,000. ஏக்கருக்கு 20,000 குத்தகை என்று வைத்தாலும் ஐந்து ஏக்கரும் சேர்ந்து ஒரு லட்சம்தான் தரும். நிலம் தன் கடனைத் தானே கட்டாது. சம்பளமோ, வேறு வியாபாரமோ, விற்க ஒரு மனையோ இருந்தால்தான் இந்த வேலையில் இறங்கலாம். இல்லையென்றால் முழு நிலத்தையும் காப்பாற்ற நினைக்காமல், கிணறும் பாதையும் உள்ள பக்கத்தில் உங்கள் பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு திருப்தி அடையுங்கள். அதுவும் நிலத்தைக் காப்பாற்றுவதுதான்.

இன்னொன்று, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு. வெளிநாடுவாழ் இந்தியர் இந்தியாவில் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், இந்தியாவில் இருப்பவருக்கு விற்கலாம், அவ்வளவுதான். துபாயில் இருந்துகொண்டு "தம்பி பங்கை நானே எடுத்துக்கிறேன்" என்று சொல்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2. யார் யாருக்கு எவ்வளவு?

பேச்சு வார்த்தை உடைவது பெரும்பாலும் விலையில் இல்லை, இங்கேதான். ஊரில் எல்லாரும் "பூர்வீகம்" என்ற ஒரே சொல்லைச் சொல்கிறோம். சட்டத்தில் அது இரண்டு வேறு வேறு கணக்கு.

முதல் வகை, அப்பாவின் தனிச்சொத்து. அவர் சம்பாதித்தது மட்டும் இல்லை. 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு தாத்தா உயில் எழுதாமல் இறந்து, தாத்தாவின் தனிச்சொத்து அப்பாவுக்கு வந்திருந்தால் அதுவும் அப்பாவின் தனிச்சொத்துதான். உச்ச நீதிமன்றம் 1986-லேயே சந்தர் சென் வழக்கில் இதைச் சொல்லிவிட்டது. அப்பா உயில் இல்லாமல் இறந்தால் அம்மா, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் அப்பாவைப் பெற்ற பாட்டி, எல்லாருக்கும் சம பங்கு. எங்கள் வீட்டில் ஐந்து பேர், ஐந்து ஏக்கர். தலைக்கு நூறு சென்ட்.

இரண்டாவது வகை, தலைமுறை தலைமுறையாக வந்த கூட்டுக் குடும்பச் சொத்து. இதில் பிள்ளைகளுக்குப் பிறப்பாலேயே பங்கு உண்டு. அதே ஐந்து ஏக்கரை இந்தக் கணக்கில் பாருங்கள். முதலில் அப்பாவும் நான்கு பிள்ளைகளும் பிரித்துக்கொண்டதாக வைத்து, ஆளுக்கு நூறு சென்ட். பிறகு அப்பாவின் நூறு சென்ட், அம்மாவுக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் இருபது இருபதாகப் போகும். பிள்ளைகளுக்கு 120 சென்ட், அம்மாவுக்கு வெறும் 20 சென்ட். ஒரே நிலம், ஒரே குடும்பம், மூலம் மாறியதால் அம்மாவின் பங்கு ஐந்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. அதனால்தான் மூலப்பத்திரத்தைப் படிக்காமல் பங்கைப் பேசாதீர்கள் என்கிறேன்.

அடுத்தது பெண்களின் பங்கு. எங்கள் பெரியக்காவுக்கு 1986-ல் கல்யாணம். "89-க்கு முன்னாடி கட்டிக்குடுத்த பொண்ணுக்குப் பங்கு கிடையாது" என்று ஊரில் இன்னும் சொல்வார்கள். அது முழுசாகப் பொய் என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாடு 1989-ல் கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்களுக்குப் பங்கு கொடுத்தபோது, 25.3.1989-க்கு முன் மணமானவர்களை விட்டுவிட்டது. ஆனால் 2005 செப்டம்பர் 9-ஆம் தேதி வந்த மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. 2020 ஆகஸ்ட்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், 2005-ல் அப்பா உயிரோடு இருந்தாரா என்பதே கேள்வி இல்லை, மகளுக்குப் பிறப்பால் உரிமை என்று தீர்த்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரம் மூலமாகவோ கோர்ட் மூலமாகவோ முடிந்த பாகப்பிரிவினைகளுக்கு விலக்கு. அப்பாவின் தனிச்சொத்து என்றாலோ 1956-ல் இருந்தே மகளுக்குச் சம பங்கு. கல்யாணத் தேதிக்கு அங்கே வேலையே இல்லை.

இதெல்லாம் இந்துக்களுக்கு. கிறிஸ்தவக் குடும்பங்களில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி ஆண் பெண் பேதமில்லாமல் பிள்ளைகளுக்கு. முஸ்லிம் குடும்பங்களில் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒன்று.

நாங்கள் மறந்துபோன ஓர் ஆள் இருந்தார்: அத்தை. தாத்தா 1974-ல் உயில் இல்லாமல் இறந்தார். அப்பாவும் சித்தப்பாவும் 1978-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் பதிவு செய்துகொண்டார்கள். அத்தையின் கையெழுத்து அதில் இல்லை. சட்டப்படி அவருக்கும் அன்றே மூன்றில் ஒன்று இருந்தது. வக்கீல் சொன்னார், "இத்தனை வருஷ அனுபோகத்தைக் காட்டிக் கோர்ட்டில் வாதாடலாம். கையெழுத்து வாங்கிட்டா கோர்ட்டே வேண்டாம்." எண்பது வயது அத்தையைப் பார்க்க அம்மாவே வந்தார். அத்தை சிரித்துக்கொண்டே, "அப்பவே எனக்குப் பத்துப் பவுன் போட்டு, மாடும் ஓட்டிவிட்டாக. இப்ப என்னத்தடா கேக்கப்போறேன்" என்றார். அதையே, 1978-ல் நகையாகவும் மாடாகவும் என் பங்கைப் பெற்றுக்கொண்டேன் என்று, எங்கள் பத்திரத்தில் சம்மதம் தெரிவிக்கும் ஆளாக எழுதிக் கையெழுத்து வாங்கினோம். அடுத்த வருஷம் அத்தை இல்லை. அதற்குள் கையெழுத்து வாங்கியிருக்காவிட்டால் அவருடைய ஆறு பிள்ளைகளைத் தேடி நான் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் அலைந்திருப்பேன்.

ஒவ்வொரு தலைமுறையிலும் விட்டுப்போன பெண் யார் என்று தேடுங்கள். அநேகமாக ஒருவர் இருப்பார்.

பங்குதாரரில் பதினெட்டு வயது ஆகாதவர் இருந்தால் அவருக்கென்று வந்த பங்கைத் தாயோ தகப்பனோ தன்னிச்சையாக எழுதிக் கொடுக்க முடியாது, கோர்ட் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் வாங்கினால் அந்தப் பிள்ளை பதினெட்டு முடிந்த மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடலாம்.

3. காகிதங்கள்

அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, அடங்கல் (பயிர்ப் பதிவேடு), புலப்படம் (சர்வே வரைபடம்). வாரிசுச் சான்றை இ-சேவை மூலம் விண்ணப்பித்துத் தாசில்தாரிடம் வாங்க வேண்டும். வாரிசுகள் யார் என்று மட்டும்தான் அது சொல்லும். யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது.

வில்லங்கம் பதிவுத்துறை இணையதளத்தில் பெரும்பாலும் 1975-ல் இருந்து கிடைக்கும். அதற்கு முந்தையதை சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் பதிவேட்டில் தேடச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். தாத்தாவின் 1962 கிரயப் பத்திரத்தை நான் அப்படித்தான் எடுத்தேன். அதில் சர்வே எண்ணைவிட நான்கெல்லைதான் விவரமாக இருந்தது: வண்டிப்பாதைக்குத் தெற்கு, இன்னாருடைய புஞ்சைக்கு வடக்கு, ஓடைக்கு மேற்கு. ஓடை இப்போது முள்காடு. ஆனால் அந்த "வண்டிப்பாதை" என்ற ஒற்றைச் சொல் பின்னால் எங்களைக் காப்பாற்றியது, அதற்கு வருகிறேன்.

பட்டாவை மட்டும் நம்பாதீர்கள். 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூடிஆர் திருத்தத்தில் பெயர் மாறியது, பரப்பு குறைந்தது, பக்கத்து நிலத்துக்காரர் பெயர் ஏறியது எல்லாம் சகஜம். பத்திரத்தில் ஏக்கர், சென்ட். பட்டாவில் ஹெக்டேர், ஏர். ஒரு ஏக்கர் 40.47 ஏர். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். எங்களுக்கு ஏழு சென்ட் குறைந்தது. அதைச் சரிசெய்யவே நான்கு மாதம்.

கூட்டுறவுச் சங்கத்தில் அப்பா பயிர்க்கடன் வாங்கியிருந்தால் அதை அடைத்து, பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

4. நிலத்தில் நின்று பார்க்க வேண்டியவை

சர்வேயரை வைத்து அளப்பதற்கு முன் நீங்களே ஒருமுறை வரப்பைச் சுற்றுங்கள். அம்மாவையோ, பழைய பண்ணையாளையோ கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் அம்மா தென்மேற்கு மூலையில் போய் நின்று, காலால் சருகைத் தள்ளி, "இங்கிட்டுத்தான் கல்லு" என்றார். அரை அடி தோண்டியதும் கல் வந்தது. புலப்படத்தில் இருந்த இடத்துக்கும் அதற்கும் ஒரு சாண்கூட வித்தியாசம் இல்லை.

பார்க்க வேண்டியவை நான்கு. பாதை பத்திரத்தில் இருக்கிறதா, இல்லை பழக்கத்தில் மட்டுமா? எங்கள் வடக்குப் பக்கத்துக்காரர் வேலி போடக் கல் இறக்கியபோது, 1962 பத்திரத்தில் இருந்த அந்த வண்டிப்பாதையைக் காட்டித்தான் நிறுத்தினோம். கிணற்றில் யாருக்கு எத்தனை முறை? சித்தப்பா வீட்டுக்கு வாரம் இரண்டு நாள் தண்ணீர் முறை உண்டு, அது நிலத்தோடு வரும் பாத்தியம். நான் வாங்கினாலும் போகாது. இலவச மின் இணைப்பு யார் பெயரில்? எங்களுடையது 1974-ல் இறந்த தாத்தா பெயரிலேயே இருந்தது. கடைசியாக, குத்தகைக்காரர். பல வருஷமாக ஒருவரே உழுதுகொண்டு, குத்தகைதாரர் பதிவேட்டில் அவர் பெயர் ஏறியிருந்தால் 1955-ஆம் வருஷத்துக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு உண்டு. "நிலம் நம்ம பேருக்கு வந்துட்டா அவன் போயிருவான்" என்று அண்ணன் சொன்னால் நம்பாதீர்கள். அடங்கலில் யார் பயிர் செய்வதாக இருக்கிறது என்று வி.ஏ.ஓ.விடம் நாலைந்து பசலிக்கு (வருவாய்த்துறை ஆண்டு) பாருங்கள்.

5. விலை

தரகர் சொன்ன 25 லட்சம் விலை இல்லை, தூண்டில். அதே நேரம் அரசு வழிகாட்டி மதிப்பும் விலை இல்லை. வெளிச் சந்தையோடு அது பல ஊர்களில் ஒட்டாது. கடந்த இரண்டு வருஷத்தில் சுற்றுவட்டாரத்தில் நிலம் வாங்கிய மூன்று பேரை நேரில் போய்ப் பார்த்தேன். பத்திரத்தில் என்ன எழுதினீர்கள் என்று கேட்கவில்லை, கையில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். 19, 20, 21 என்று வந்தது. உடன்பிறந்தவர்களும் அவரவர் பங்குக்கு விசாரிக்கட்டும். நீங்கள் மட்டும் விசாரித்த விலை, நீங்கள் வைத்த விலையாகத்தான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்தோம். சின்னக்கா சிங்கப்பூரில் இருந்து வீடியோவில். நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தோம். நடு விலை 20 லட்சம். வெளியாள் வந்தால் தரகு, பத்திரம் முடியும்வரை இழுபறி, பாதி பணம் கறுப்பு. இதெல்லாம் இல்லை என்பதால் பத்து சதவீதம் கழித்து 18. அதுவரை நன்றாகத்தான் போனது.

அப்போது மதினி கேட்டார்: "இத்தனை வருஷம் மாங்கா காய்ச்சதுல எங்க பங்கு?" அண்ணன் முகம் மாறியது. எனக்கும் சுருக்கென்றது. ஆனால் யோசித்துப் பார்த்தால் நியாயமான கேள்வி. அப்பா போன பிறகு வந்த இரண்டு காய்ப்புக் குத்தகைப் பணம் என்னிடம்தான் இருந்தது. அதைத் தாளில் எழுதினேன். எதிர்ப்பக்கம் 2019-ல் நான் போட்ட போர்வெல், சொட்டுநீர்க் குழாய், அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு. கூட்டிக் கழித்ததில் அவர்கள் எனக்குத் தரவேண்டிய தொகை கொஞ்சம் மிஞ்சியது. அதை விட்டுவிட்டேன். எழுதாமல் விட்டுக்கொடுத்திருந்தால் அது யாருக்கும் தெரிந்திருக்காது. எழுதிவிட்டு விட்டுக்கொடுத்ததால் மதினியே காபி போட எழுந்தார்.

பெரியக்கா, "எனக்குக் காசே வேணாம்டா, கையெழுத்து மட்டும் போட்டுத் தர்றேன்" என்றார். இங்கேதான் பலர் சந்தோஷப்பட்டுத் தப்புச் செய்கிறார்கள். நாளைக்கு அக்காவின் மகனுக்கு ஒரு நெருக்கடி வரும், மருமகள் கேட்பாள், "உங்கம்மா பதினெட்டு லட்சத்தை எதுக்குச் சும்மா விட்டாங்க?" அந்தக் கேள்விக்கு அக்காவிடம் பதில் இருக்காது. நான் வற்புறுத்தி முழு விலையையும் கொடுத்தேன். உண்மையில் அக்காவுக்கு இருந்தது வேறு பயம். பங்கை எழுதிக் கொடுத்துவிட்டால் பிறந்த வீடு என்று ஒன்று இருக்குமா என்பது. பொங்கல் சீர், சித்திரையில் இரண்டு கூடை காய், கிணற்றடி மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் எப்போது வந்தாலும் தங்க ஓர் அறை என்று பேசிக்கொண்டோம். அதைப் பத்திரத்தில் எழுத முடியாது. அறையைக் கட்டிவிட்டேன்.

அண்ணனுக்கு இருந்த சந்தேகமும் நியாயமானதுதான்: "நாளைக்கே நீ முப்பதுக்கு வித்துட்டா?" என்றைக்கும் விற்கக் கூடாது என்று பத்திரத்தில் எழுதினால் சட்டத்தில் அது செல்லாது. ஆனால் பத்து வருஷத்துக்குள் விற்பதானால் முதலில் உடன்பிறந்தவர்களிடம் கேட்க வேண்டும், அவர்கள் வேண்டாம் என்றால் 18-க்கு மேல் வரும் லாபத்தில் பாதியை அவர்களுக்குப் பிரிக்க வேண்டும் என்று தனி ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம். அன்றைக்கே அண்ணன் தரகருக்குப் போன் போட்டு முடியாது என்று சொல்லிவிட்டார்.

பேச்சு முறிந்து, ஒருவர் வெளியாளுக்கு விற்கப் போகிறார் என்றால்? இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு உங்களுக்கு இருக்கிறது. உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்கு வந்து, அதில் ஒருவர் தன் பங்கை விற்க முனைந்தால், மற்ற வாரிசுகளுக்கு வாங்குவதில் முன்னுரிமை. விலையில் ஒத்துவரவில்லை என்றால் கோர்ட் நிர்ணயிக்கும். இரண்டு பேர் போட்டியிட்டால் அதிக விலை கொடுப்பவருக்கு. விவசாய நிலத்துக்கும் இது பொருந்தும் என்று 2019-ல் பாபு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்குவரை போக வேண்டியதில்லை. வக்கீல் நோட்டீஸில் இந்தப் பிரிவைப் பார்த்தாலே வெளியாள் பார்ட்டி பின்வாங்கிவிடுவார்.

6. எந்தப் பத்திரம்?

எங்கள் பத்திர எழுத்தர் பழக்கதோஷத்தில் "தானசெட்டில்மெண்ட் போட்டுரலாம் சார், செலவு கம்மி" என்றார். வரைவும் தயார். படித்தால், அன்பாலும் பாசத்தாலும் பிரதிபலன் இல்லாமல் கொடுப்பதாக இருந்தது. நான் 18 லட்சம் கொடுக்கிறேன், பத்திரமோ ஒன்றும் கொடுக்கவில்லை என்கிறது! நாளைக்கு யாராவது "பணமே தரலை, ஏமாத்தி எழுதி வாங்கிட்டான்" என்றால் என் பத்திரமே எனக்கு எதிரான சாட்சி. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பணம் கொடுத்துக் கூட்டாளியின் பங்கை வாங்கச் சரியானது விடுதலைப் பத்திரம். பிரிபடாத பங்கை இன்னொரு பங்குதாரருக்கு விட்டுக்கொடுப்பது. கொடுத்த தொகையை அதிலேயே எழுதலாம். செலவைப் பாருங்கள். 18 லட்சத்துக்குக் கிரயப் பத்திரம் போட்டால் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 1,62,000 ரூபாய். குடும்பத்துக்குள் விடுதலைப் பத்திரம் என்றால் முத்திரை ஒரு சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், அதிகபட்சம் 10,000. அதாவது 18,000 + 10,000, மொத்தம் 28,000 ரூபாய். மூன்று பேருக்கும் சேர்த்து 4,86,000 எங்கே, 84,000 எங்கே.

இந்த வசதி நிலம் பிரிபடாமல் இருக்கும்வரைதான். "முதல்ல பாகம் பிரிச்சுக்குவோம், அப்புறம் நீ வாங்கிக்க" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாகப்பிரிவினை பதிவாகிவிட்டால் அண்ணனின் ஏக்கர் தனிச் சொத்து. விலைக்கு வாங்கக் கிரயம்தான், 9 சதவீதம்தான்.

குடும்பம் என்றால் அப்பா, அம்மா, கணவன், மனைவி, மகன், மகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள். இறந்துபோன அண்ணனின் மனைவியிடமோ பிள்ளைகளிடமோ வாங்குகிறீர்கள் என்றால், சலுகை அவர்களுக்கும் கிடைக்குமா என்று சார்பதிவாளரிடம் வரைவைக் காட்டிக் கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள்.

அம்மாவின் பங்கை நான் வாங்கவில்லை, எழுதியும் வாங்கவில்லை. அவர் பெயரிலேயே இருக்கிறது. பிள்ளைக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களை ஊரில் நிறையப் பார்த்தாகிவிட்டது. எழுதி வாங்கியே ஆக வேண்டும் என்றால், ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை அவருக்கு, சோறும் வைத்தியமும் பிள்ளை பொறுப்பு என்று தெளிவாக எழுதுங்கள். அப்படி எழுதியிருந்து கவனிக்காமல் விட்டால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய அவர் கேட்கலாம்.

7. பணம்

கூட்டுறவு, வங்கிப் பயிர்க்கடன்கள் சாகுபடிக்கு. நிலம் வாங்க அல்ல. நான் போன ஒரு வங்கியில், சொந்த அண்ணனிடம் வாங்குவதற்கா கடன் என்று ஏற இறங்கப் பார்த்தார்கள். கடைசியில் சேமிப்பு, ஒரு மனை விற்ற பணம், மிச்சத்துக்கு அண்ணனிடமே தவணை.

தவணை என்றால் கவனம். பங்கை எழுதி வாங்கிவிட்டுப் பணத்தைக் கடன் சொல்வது அண்ணனுக்கு ஆபத்து. பணத்தைக் கொடுத்துவிட்டு எழுதாமல் விடுவது உங்களுக்கு ஆபத்து. பணம் சேரச் சேர ஒவ்வொருவராக முடித்தோம். முதல் வருஷம் பெரியக்கா, அடுத்து சின்னக்கா, மூன்றாவதாக அண்ணன். இடையில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் அவர் இடத்தில் மூன்று நான்கு வாரிசுகள் வந்து நிற்பார்கள் என்பதால் வயதில் மூத்தவரை முதலில் முடித்தேன். காத்திருக்கும் அண்ணனோடு ஒப்பந்தம் எழுதிப் பதிவும் செய்தோம். இங்கே அப்படிப்பட்ட ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சட்டம் சொல்கிறது. பேசிய கெடு தாண்டினால் வழக்குப் போட மூன்று வருஷம்தான் அவகாசம்.

பணம் முழுவதும் வங்கி வழியாக. நிலத்துக்கு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி விதிமீறல். வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். பரிவர்த்தனை எண்களைப் பத்திரத்திலேயே எழுதுங்கள்.

விற்பவருக்கு வரி உண்டா? கிராமப்புற விவசாய நிலமாக இருந்தால் மூலதன ஆதாய வரி இல்லை. மக்கள்தொகை பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரை உள்ள நகராட்சி, பேரூராட்சி எல்லையில் இருந்து 2 கிலோமீட்டர், பத்து லட்சம் வரை உள்ள ஊர் என்றால் 6 கிலோமீட்டர், அதற்கும் மேல் என்றால் 8 கிலோமீட்டர், இதற்கு வெளியே இருக்க வேண்டும். நேர்கோட்டுத் தூரம், ரோட்டுத் தூரம் இல்லை. உள்ளே இருந்தால் ஆடிட்டரைப் பாருங்கள், ஏனென்றால் அக்காவின் கைக்கு வருவது குறையும், விலைப் பேச்சில் அது திரும்ப வரும்.

சின்னக்காவின் பணத்தை அவருடைய என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) போட்டேன். அவர் லீவில் வந்தபோதே பத்திரம் முடித்தோம். வர முடியாதவர்கள் இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பலாம். இங்கே வந்துசேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

8. பதிவு நாளும் அதற்குப் பிறகும்

வரைவை இரண்டு நாள் முன்பே வாங்கி, வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேளுங்கள். சர்வே எண், உட்பிரிவு எண், நான்கெல்லை, பாதை, கிணற்றுப் பாத்தியம், மின் இணைப்பு எண், ஆதாரில் உள்ளபடி பெயர். ஒரு எழுத்துப் பிழைக்குப் பிழைதிருத்தல் பத்திரம் என்று மறுபடி எல்லாரையும் கூப்பிட வேண்டி வரும். அசல் மூலப்பத்திரத்தைக் கொண்டுபோங்கள். தொலைந்திருந்தால் போலீஸ் சான்று, பத்திரிகை விளம்பரம் என்று இழுக்கும், அதை முதல் மாதத்திலேயே ஆரம்பியுங்கள். பெரியவர்கள் இருந்தால் சாப்பாடு கையோடு; கைரேகை பதியாமல் நாங்கள் மதியம் மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தோம்.

அன்றோடு வேலை முடியவில்லை. பட்டா மாற வேண்டும். உட்பிரிவு இல்லாத மாற்றம் பதிவிலிருந்தே தானாக நகரும். அப்படியும் ஒரு மாதத்தில் இணையத்தில் பார்த்துவிடுங்கள். எங்களுக்குக் கூட்டுப்பட்டா, இப்போது அதில் அம்மா பெயரும் என் பெயரும். மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்குப் பட்டா, வாரிசுச் சான்று, கிணற்றில் பங்குள்ள சித்தப்பா வீட்டாரின் சம்மதக் கடிதம் கேட்டார்கள். அதுவரை இலவச மின்சாரம் 1974-ல் இறந்தவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

கடைசி வேலை என்னுடைய உயில். எனக்கு ஒரு மகன், ஒரு மகள். இந்த நிலத்தில் மனசு இருப்பது மகளுக்குத்தான். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும், இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்துப் பெறுபவரைச் சாட்சியாக வைக்காமல் இருப்பது நல்லது. பதிவு செய்வது கட்டாயம் இல்லை, நான் செய்துவிட்டேன். மகனுக்கு என்ன, மகளுக்கு என்ன, ஏன் அப்படி என்று நான்கு வரி எழுதி, இருவரையும் உட்காரவைத்து வாசித்தும் காட்டினேன். மகன் கேட்டது ஒன்றே ஒன்று: "மாங்கா எனக்கும் வரும்ல?"